பெட்டி வைத்த வீடுகள்

ஏப்ரல் 29

குடியாத்தம் வந்து சேர்ந்தேன். வெயில் என்றால் அப்படியொரு வெயில். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் செருப்புக்குள் கால் வெந்தது. லாட்ஜில் ஃபேன் அறைதான் போட்டிருந்தார்கள். படுத்துப் பார்த்தேன். கூரையிலிருந்து இறங்கும் அனலை அப்படியே என் மேல் தள்ளியது அந்த ஃபேன். அரை மணி நேரத்தில் கீழே போய்ச் சண்டை போட்டு ஏசி அறைக்கு மாறிவிட்டேன். ஆபீஸில் கணக்குப் பிரிவு முகம் சுளிக்கும். சுளிக்கட்டும். மனுஷி தூங்க வேண்டாமா?

வந்த வேலை இதுதான். பழைய ஃபேனைக் கொடுத்துவிட்டு, பாதிக்கும் குறைவான மின்சாரத்தில் ஓடும் புது ஃபேனை வாங்கிக்கொள்ளலாம் என்று அரசாங்கம் ஒரு திட்டம் போட்டிருக்கிறது. முதலில் இங்கே பக்கத்தில் காக்கங்குப்பம் என்ற ஊரில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நிஜமாகவே மின்சாரம் மிச்சமாகிறதா என்று அளந்து சொல்ல வேண்டியது எங்கள் நிறுவனத்தின் பொறுப்பு. அந்த அறிக்கையை வைத்துத்தான் மற்ற மாவட்டங்களுக்கும் கொடுப்பதா, வேண்டாமா என்று முடிவாகும். மங்கையர்க்கரசி என்று பெயர் வைத்த அப்பாவுக்குத் தெரியாது, மகள் ஊர் ஊராகப் போய் ஃபேன் ஓடுவதை எண்ணிக்கொண்டிருப்பாள் என்று.

ஏப்ரல் 30

கிழக்குத் தெருவில் நாற்பது வீடுகளுக்குப் பெட்டி மாட்டினோம். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஃபேன் எவ்வளவு நேரம் ஓடுகிறது, எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று குறித்துக்கொள்ளும். உள்ளே சிம் கார்டு இருக்கிறது. தினமும் காலையில் கணக்கு என் லேப்டாப்புக்கு வந்துவிடும். பச்சை விளக்கு ஒன்று விட்டு விட்டு எரியும். எலெக்ட்ரீஷியன் இம்தியாஸ் அதிகம் பேசாத மனிதர், கைதான் பேசுகிறது. வெயில் தாழ்வதற்குள் முடித்துவிட்டார்.

மாலையில் மாரியம்மன் கோயில் வாசலில் ஜனங்களை உட்காரவைத்து விளக்கினேன். மைக் கையில் கிடைத்தால் நான் சும்மா விடுவேனா? “இது அரசாங்கப் பொட்டி. பொய்யே சொல்லாது. யார் வீட்டுல ஃபேன் எவ்வளவு நேரம் ஓடுதுன்னு நேரா சென்னைக்குப் போயிடும். நானும் லேப்டாப்புல பாத்துக்கிட்டே இருப்பேன். அதனால யாரும் அதைக் கழற்றவோ, தட்டவோ கூடாது, சரியா?” என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை. போன வருஷம் வேறொரு ஊரில் பெட்டியைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டார்கள். இந்த ஊர் தங்கமான ஊர்.

மே 3

வீடு வீடாகப் போய்ப் பெட்டி சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். பதினேழாம் வீட்டில்தான் அதிக நேரம் உட்கார்ந்தேன். வீட்டுக்காரம்மா நவநீதம், பீடி சுற்றுகிறார். கணவர் லாரிக்குப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டாராம். மகள் மோனிஷா தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். நிறைமாதம். சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை, நுழைந்ததும் இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி இருந்தது.

“உக்காருங்க மேடம், ஃபேன் போடறேன்” என்று ஓடினார் நவநீதம். புது ஃபேனின் இறக்கைகளில் ஒட்டிவந்த பிளாஸ்டிக் உறைகூட அப்படியே இருந்தது.

“ஏம்மா, ஃபேனுக்கு ரெயின்கோட்டு போட்டு வெச்சிருக்கீங்க?” என்று கேட்டேன்.

“புச்சாவே இருக்கட்டும்னுதான் மேடம்” என்று சிரித்தார். மோனிஷா சிரிக்கவில்லை. கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கி, காற்றை வாங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து வாசலுக்கு வந்ததும் ஒரு டம்ளர் மோர் கொடுத்தார்கள். நல்ல மோர்.

மே 7

எண்கள் வரத் தொடங்கிவிட்டன. நம்ப முடியவில்லை. புது ஃபேன் குறைவாக இழுக்கும், அதனால் மின்சாரம் குறையும், அது தெரிந்ததுதான். ஆனால் ஓடும் நேரமே குறைந்திருக்கிறது! போன கோடையில் எடுத்த கணக்கெடுப்பில் பகலும் இரவும் ஃபேன் ஓடுவதாகச் சொன்ன ஜனங்கள், இப்போது சாயங்காலம் கொஞ்ச நேரம் போடுகிறார்கள், அவ்வளவுதான்.

தணிகாசலம் சாருக்குப் போன் போட்டேன். எங்கள் நிறுவனத்துக்குத் தலைவர். லேசில் சந்தோஷப்படாதவர். “அரசி, பெட்டி எதுவும் ரிப்பேரில்லையே?” என்றார். இம்தியாஸை விட்டு மறுபடியும் சோதிக்கச் சொன்னேன். எல்லாப் பெட்டியும் சரியாக இருக்கிறது.

காரணம் எனக்கே புரிந்துவிட்டது. பீடி சுற்றும் ஊர். ஃபேன் போட்டால் முறத்தில் இருக்கும் தூள் பறந்துவிடும். அதனால்தான் பெண்கள் எல்லாரும் பகலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சுற்றுகிறார்கள். குறிப்பில் சேர்த்துவிட்டேன்.

மே 9

மோனிஷாவுக்குப் பெண் குழந்தை. நவநீதம் தெருவில் என்னை நிறுத்தி வாயில் சர்க்கரை போட்டார். எங்கள் வீட்டிலேயே குழந்தை பிறந்த மாதிரி சந்தோஷமாக இருந்தது.

மே 11

அக்னி நட்சத்திரம் மண்டையைப் பிளக்கிறது. லாட்ஜில் கரண்ட் போனபோது மேனேஜரைத் திட்டித் தீர்த்துவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்?

மே 14

பதினேழாம் வீட்டு எண் மட்டும் திடீரென்று எகிறியிருக்கிறது. முந்தாநாளும் நேற்றும் இரவு பகலாக ஃபேன் ஓடியிருக்கிறது. மற்ற வீடுகள் எல்லாம் தரையோடு தரையாகக் கிடக்கும்போது இது ஒன்று மட்டும் தென்னைமரம் மாதிரி நின்றால் கேட்பார்கள் அல்லவா? காரணம் எழுதியாக வேண்டும். நேரில் போனேன்.

குழந்தையைப் பன்னிரண்டாம் தேதி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்திருக்கிறார்கள். பூ மாதிரி இருக்கிறது. தூக்கிப் பார்த்தேன். நவநீதத்திடம், “ரெண்டு நாளா ஃபேன் ரொம்ப ஓடியிருக்கே, என்ன விஷயம்?” என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன்.

அவர் முகம் மாறிவிட்டது. “தெரியாம நடந்துபோச்சி மேடம். கொழந்த அழுதுகினே இருந்திச்சி. இனிமே நடக்காது” என்றார்.

“அட, இதுக்கு எதுக்கும்மா மன்னிப்புக் கேக்கறீங்க? காரணம் எழுதணும், அதான்” என்றேன். “கொழந்தன்னு எழுதிக்கிறேன்.”

“கொழந்த பேர்ல எழுதாதீங்க மேடம்” என்றார். இந்த ஜனங்களுக்கு எழுத்து என்றாலே பயம்தான். சிரித்துவிட்டு வந்தேன். “விருந்தினர் வருகை” என்று போட்டுவிட்டேன். ஒரு வகையில் விருந்தாளிதானே?

மே 17

பதினேழாம் வீட்டில் இப்போது சுத்தமாகச் சைபர். பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது என்று யாராவது பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், அக்காவுக்குப் பிரசவமானபோது ஜன்னலைக்கூடத் திறக்க விடவில்லை.

மே 20

இடைக்கால அறிக்கை அனுப்பினேன். “மின்விசிறியை மாற்றியதோடு ஜனங்களின் பழக்கமும் மாறியிருக்கிறது” என்ற வரி தணிகாசலம் சாருக்கு மிகவும் பிடித்துவிட்டது. “அரசி, சிக்கனத்தப் பத்தி என்னம்மா பேசின அந்தக் கூட்டத்துல? அதையும் தனியா எழுதிக் கொடு. மத்த ஊருலயும் அதே மாதிரி பேசச் சொல்லலாம்” என்றார். செகரட்டேரியட்டிலும் காட்டினாராம். தலைகால் புரியவில்லை. சாப்பாட்டுக்கு ஆம்பூர் போய் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மே 23

நவநீதத்தின் பேத்தியை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். உடம்பு அனலாகக் கொதிக்கிறதாம், பால் குடிக்கவில்லையாம். வெயில் காலத்தில் குழந்தைகளுக்கு வரும்தான். நாளை போய்ப் பார்க்க வேண்டும்.

மே 24

எழுத்து கோணலாக வருகிறது. பரவாயில்லை.

காலையில் மேற்குத் தெருவுக்குப் போனேன். அங்கேயும் புது ஃபேன் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் பெட்டி வைக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க நாலு கேள்வி கேட்டுவிட்டு, அப்படியே வேலூர் போவதாக இருந்தேன். தெருவில் காலை வைத்ததும் ஏதோ வித்தியாசமாக இருந்தது. கதவெல்லாம் திறந்து கிடந்தது. எல்லா வீட்டிலும் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பெண்கள் வீட்டுக்குள்ளேதான் பீடி சுற்றினார்கள். முறத்தை ஃபேனுக்கு நேராக வைக்காமல் சுவரோரமாகத் தள்ளி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான் சங்கதி.

வள்ளியம்மாள் என்ற அம்மாவிடம், “இங்க மட்டும் பகல்லயும் ஃபேன் ஓடுதே?” என்றேன்.

“நாங்க குடுத்து வெச்சவங்கம்மா. எங்க தெருவுல பொட்டி வெக்கல” என்றார்.

“பெட்டி வெச்சா என்ன?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னாம்மா, நீங்கதானே வெச்சீங்க, எங்கள கேக்கறீங்க? யாரு வூட்ல ஜாஸ்தி ஓடுதோ அவங்களுக்கு ஓசி கரண்ட்ட நிறுத்திடுவாங்களாமே. சென்னையில குந்திகினு பாக்கறாங்களாமே. அந்தத் தெருவுல பாவம், புள்ளைங்கள இட்டுக்கினு மரத்தடியிலயே கெடக்குறாங்க. ராவுல தெருவுல படுக்கறாங்க.”

அந்த அம்மா அப்புறம் என்ன பேசினார் என்று தெரியாது. அப்படியே அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தார்கள், குடிக்க முடியவில்லை. ஐயோ, நாற்பது வீடு. நடு அக்னியில் நாற்பது வீடு.

இம்தியாஸுக்குப் போன் செய்து, உடனே எல்லாப் பெட்டியையும் கழற்றச் சொன்னேன். கழற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வேலூர் பஸ் பிடித்தேன்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் நவநீதம் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் கூப்பிவிட்டார்.

“மேடம், அந்த ரெண்டு நாளுதான் போட்டோம். நீங்க வந்து கேட்டதுக்கு அப்புறம் சுவிட்ச்ச தொடவே இல்ல. பொட்டியிலயே பாருங்க மேடம், தெரியும். கரண்ட்ட மட்டும் நிறுத்திடாதீங்க, கொழந்த வூட்டுக்கு வரணும்.”

உண்மையைச் சொல்லத்தான் போனேன். “யாரும் நிறுத்தமாட்டாங்க” என்று மட்டும் சொன்னேன். “நல்லாருப்பீங்க” என்றார். என்னைப் பார்த்து, நல்லாருப்பீங்க என்றார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். உடம்பில் தண்ணீர் வற்றி, ரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது, வலிப்பு வந்திருக்கிறது என்றார். “இந்த வெயில்ல மூடுன ரூம்ல, காத்தே இல்லாம வெச்சிருந்திருக்காங்க. எவ்வளவு சொன்னாலும் காத்து ஆகாதுன்னுதான் நம்பறாங்க” என்று அலுத்துக்கொண்டார். இல்லை டாக்டர், காரணம் அது இல்லை என்று நான் சொல்லவில்லை.

மே 25

குழந்தை இறந்துவிட்டது. காலையில்.

இன்னும் பேர்கூட வைக்கவில்லை.

நவநீதம் அழவே இல்லை. காகிதங்களில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் மோனிஷா தனியாக நின்றிருந்தாள். அவளிடம் போய், பெட்டிக்கும் இலவச மின்சாரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஃபேன் எப்படி ஓடுகிறது என்று பார்க்கத்தான் வைத்தோம், யாரோ தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று கொட்டிவிட்டேன். இருபத்தோரு வயசுப் பெண், அன்று காலையில் பிள்ளையைப் பறிகொடுத்தவள், அவளிடம் போய்ச் சொன்னேன். எனக்குப் பாரம் தாங்கவில்லை, வேறொன்றும் இல்லை.

சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக மூடினாள். அப்புறம், “அக்கா, எங்கம்மாகிட்ட மட்டும் இத சொல்லிடாதீங்க” என்றாள்.

“ஏம்மா?”

“நான் ராத்திரி எழுந்து ஃபேன் போடப் போனேன். எங்கம்மாதான் கைய புடிச்சிகிச்சி. கொஞ்ச நாளு பொறுத்துக்கோ, அப்புறம் பாப்பாவுக்கு வருசம் பூரா கரண்ட்டு இருக்கும்னு சொல்லிச்சி. முறத்தால விசிறிகினே குந்தியிருந்திச்சி, தூங்கவே இல்ல. அது தெரிஞ்சா செத்துடும் அக்கா.”

நான் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

லாட்ஜுக்கு வந்து ஏசியை அணைத்துவிட்டுப் படுத்தேன். அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. எழுந்து போட்டுக்கொண்டேன்.

மே 26

தணிகாசலம் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அந்த ஒரு வீட்ட எடுத்துட்டா சராசரி பெருசா மாறாதே, அரசி” என்றார்.

“சார், ஒரு வீடு இல்ல சார். நாப்பது வீடும் அப்படித்தான். நம்ம கிட்ட இருக்கற ஒரு எண்ணுகூட நிஜமில்ல.”

“செகரட்டேரியட்ல காட்டிட்டேனேம்மா” என்றார். குரல் உடைந்திருந்தது. கெட்ட மனிதர் இல்லை அவர். “பெட்டி வெக்காம எப்படித்தான் அளக்கறது, சொல்லு?”

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அந்த எண்கள் எதையும் நம்ப வேண்டாம், பெட்டிக்குப் பயந்து ஜனங்கள் ஃபேன் போடவில்லை, ஒரு குழந்தை இறந்துவிட்டது என்று எழுதி அனுப்பிவிட்டேன். கூட்டத்தில் நான் பேசியதையும் வார்த்தைக்கு வார்த்தை எழுதினேன். பதினான்காம் தேதி நான் அந்த வீட்டுக்குப் போனதை எழுதவில்லை. இந்த நாட்குறிப்பிலும் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

மே 27

கிழக்குத் தெருவுக்குப் போனேன். பெட்டி இருந்த இடத்தில் இரண்டு திருகாணி ஓட்டைகள்தான் இருந்தன. இருந்தும் எந்த வீட்டிலும் ஃபேன் ஓடவில்லை. முதல் வீட்டில் கேட்டேன். “ஜாஸ்தி ஓட்டனவங்க யாருன்னு கண்டுபுடிச்சிட்டாங்க, அதான் பொட்டிய எடுத்துகினு போய்ட்டாங்கன்னு சொல்றாங்க மேடம். எங்க வூட்ல ஓட்டவே இல்ல” என்றார் அந்த வீட்டுக்காரம்மா. அவர் மடியில் ஒரு கைக்குழந்தை. ஆறு மாசம் இருக்கும். கழுத்து முழுக்க வேர்க்குரு. கிழிந்த அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

மோனிஷாவுக்குச் செய்து கொடுத்த சத்தியமும் நினைவுக்கு வந்தது. இந்தக் குழந்தையின் கழுத்தும் கண்ணுக்கு முன்னால் இருந்தது. எதைக் காப்பாற்றுவது?

கோயில் வாசலில் மறுபடியும் ஜனங்களைக் கூட்டினேன். சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் தீட்டு கழியும்வரை கோயில் பக்கம் வரமாட்டார்கள். அதை யோசித்துத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன், ஒத்துக்கொள்கிறேன். மைக் வேண்டாம் என்றேன். “பெட்டி சும்மா கணக்குப் பாக்கத்தான் வெச்சோம். உங்க இலவச கரண்ட்ட யாரும் தொடமாட்டாங்க. நான் அன்னிக்குப் பேசினது தப்பு. தயவுசெஞ்சு போய் ஃபேன் போடுங்க. இப்பவே போடுங்க” என்றேன். யாரும் நகரவில்லை. கையைப் பிடித்துக் கெஞ்சினேன். நானே நாலைந்து வீட்டுக்குள் போய் சுவிட்ச்சைத் தட்டினேன். அப்புறம்தான் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

பதினேழாம் வீட்டைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தேன்.

“மேடம்.”

நவநீதம் வாசற்படியில் நின்றிருந்தார். உள்ளே இருட்டில் மோனிஷா சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள், முந்தானை மார்பில் நனைந்திருந்தது. பால் கட்டியிருக்கிறது போல.

“பக்கத்து வூட்ல ஃபேன் போட்டாங்க. ஏன்னு கேட்டேன். நீங்க சொன்னீங்களாம்.” அவர் என் முகத்தையே பார்த்தார். கோபம் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். “அப்போ நாங்களும் போட்டிருக்கலாமா மேடம்?”

மோனிஷா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள், வேண்டாம் வேண்டாம் என்று. பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் தெரு முழுக்க ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது, இவரிடம் என்ன பொய் சொல்லி நிற்கவைப்பேன்?

“போட்டிருக்கலாம் நவநீதம்மா” என்றேன்.

அவர் உள்ளே திரும்பி மகளைப் பார்த்தார். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தார். மகளின் கையைப் பிடித்து நிறுத்திய தன் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.